மூன்றாம் பருவம்: பெற்றோருக்குச் சில செய்திகள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

மூன்றாம் பருவம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆண்டுவிழா இனிதே நடந்தேறியது. குறுவட்ட ஓட்டப்போட்டியில் நம் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். கழிப்பறைக்குப் புதுக் கதவும் போட்டாயிற்று. அனைவருக்கும் வாழ்த்துகள்.

இனி, ரமலான் நோன்பு பற்றி.

2019இல் நோன்பு மே மாதத்தில், கோடை விடுமுறைக்குள் வந்தது. பிறைக் கணக்கில் ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னே நகர்ந்து, இப்போது வகுப்பு நடக்கும் நாட்களில் வருகிறது. பாம்பன் தீவில் மாசியிலேயே மணல் சுடும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ளவர்களுக்காகவே எழுதுகிறேன். "உனக்கு எத்தனை நோன்பு?" என்று அவர்களுக்குள் ஒரே போட்டி. காலை உணவுக் கிச்சடியை வாங்கிப் பக்கத்துத் தட்டில் தள்ளிவிடுகிறார்கள். எச்சிலை விழுங்கினால் நோன்பு முறிந்துவிடும் என்று எவரோ சொல்லிவைக்க, ஒரு சிறுவன் கணக்குப் பாடம் முழுவதும் துப்புவதற்காகச் சன்னலுக்கும் பெஞ்சுக்குமாக நடந்தான். சென்ற வாரம் மூன்றாம் வகுப்புச் சிறுமி காலை வணக்கக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். வாப்பா கடலில், உம்மாவின் போன் எடுபடவில்லை. பிறகுதான் தெரிந்தது, வீட்டில் அவளை விடியலுக்கு முந்தைய சஹர் உணவுக்கே எழுப்பவில்லை. அக்காவுக்குச் சளைக்கக் கூடாது என்று தானாகவே நோன்பு வைத்திருக்கிறாள்.

மார்க்கம் சொல்லித்தர நான் ஆளில்லை. பருவம் எய்தாதவர்களுக்கு நோன்பு கடமையில்லை என்பதும், நோயாளிக்கும் பயணிக்கும் குர்ஆனே சலுகை தந்திருப்பதும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் (சொற்பொழிவில்) நீங்கள் கேட்டறிந்தவை. சின்னப் பிள்ளை ஆசைப்பட்டால் விடுமுறை நாளில், நண்பகல் வரை வைத்துப் பார்க்கட்டும். பள்ளி நாளில் யார் நோன்பு வைத்தாலும் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விளையாட்டு நேரத்தில் நிழலில் உட்காரவைப்போம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். மயங்கித் தெளிந்த குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்க யாருடைய அனுமதிக்கும் நான் காத்திருக்கமாட்டேன். "நோன்பை முறித்துவிட்டீர்களே" என்று அலுவலக வாசலில் வந்து சத்தம் போடுவதையும் ஏற்கமாட்டேன்.

அச்சிறுமியின் உம்மா அப்படிச் செய்யவில்லை. பதறி ஓடிவந்தவர், எங்கள் ஆசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அவருக்கு என் நன்றி. அஸர் தொழுகைக்குப் பின் தூக்குவாளியோடு நிற்கும் பிள்ளைகளில் எந்த வீட்டுப் பிள்ளை என்று பாராமல் கஞ்சி ஊற்றி அனுப்பும் பள்ளிவாசல் ஜமாஅத்தாருக்கும் நன்றி. (நேற்று எங்கள் அலுவலகத்துக்கும் ஒரு வாளி வந்தது. துவையல் பிரமாதம்.)

பெருநாள் முடிந்து வரும்போது மருதாணிக் கையோடு வரலாம். புதுச்சட்டை வேண்டாம், சீருடை போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்