ஒப்புதல் என்பது பொத்தானை அழுத்துவது அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயனர்களின் மனநிலையோடு ஊடக நிறுவனங்கள் விளையாடலாமா என்று கேட்டால், "விதிமுறைகளை ஏற்றுத்தானே கணக்குத் தொடங்கினார்கள்" என்ற பதில் தயாராக இருக்கிறது. ஃபேஸ்புக் 2012இல் நடத்திய சோதனையைப் பார்த்தால் அந்தப் பதில் நிற்காது.

அவ்வாண்டு ஜனவரி 11 முதல் 18 வரை, ஆங்கிலத்தில் அத்தளத்தைப் பயன்படுத்திய 6,89,003 பேர் சோதனைக்கு உட்பட்டார்கள்; அவர்களில் சில பிரிவினருக்கு நண்பர்களின் மகிழ்ச்சியான பதிவுகளோ வருத்தமான பதிவுகளோ குறைத்துக் காட்டப்பட்டன. ஒரு பதிவு விடுபடும் வாய்ப்பு ஆளுக்கு ஆள் 10 முதல் 90 சதவீதம் வரை. அந்த வாரத்தில் அவர்கள் எழுதியவற்றில் மகிழ்ச்சிச் சொற்களும் வருத்தச் சொற்களும் எத்தனை என்று மென்பொருளால் கணக்கிட்டார்கள். யாரிடமும் கேட்கவில்லை, முடிந்த பிறகும் சொல்லவில்லை. பயனர் தரவை எதற்குப் பயன்படுத்தலாம் என்று கூறும் ஃபேஸ்புக்கின் தகவல் கொள்கையில் 'ஆய்வு' என்ற சொல்லே 2012 மே மாதத்தில்தான், அதாவது சோதனை முடிந்து நான்கு மாதம் கழித்துத்தான் சேர்ந்தது. இச்சோதனையைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் பங்கேற்ற அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமோ, தரவைத் திரட்டியது நிறுவனம் என்பதால் தன் நெறிமுறைக் குழுவின் ஆய்வு தேவையில்லை என்றது. 2014 ஜூனில் கட்டுரையை வெளியிட்ட அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் இதழே அடுத்த மாதம், ஒப்புதல் பெற்ற முறை குறித்துக் கவலை தெரிவிக்கும் குறிப்பு வெளியிட நேர்ந்தது.

விளைவு மிகச் சிறியது, ஆயிரம் சொல்லுக்கு ஏறக்குறைய ஒரு சொல்தான் மாறியது என்பார்கள். அது சராசரி. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த ஒருவருக்கு அந்த வாரம் எப்படிப் போனது என்பதைச் சராசரி காட்டாது; அப்படிப்பட்டவர்களை முன்கூட்டி விலக்கவும் இல்லை. அளவுகோலும் பழுதானது. சொற்களை மட்டும் எண்ணும் மென்பொருளுக்கு "ஐ ஆம் நாட் ஹாப்பி" என்பதும் மகிழ்ச்சிப் பதிவுதான், அதில் 'ஹாப்பி' இருக்கிறதே!

முன்பே சொன்னால் முடிவு மாறிவிடும் என்ற வாதத்தையும் ஏற்க முடியாது. உளவியல் ஆய்வுக்கூடங்களில் எதைச் சோதிக்கிறோம் என்பதை மறைப்பதுண்டு. சோதனை நடக்கிறது என்பதை மறைப்பது மிக அரிது. "அடுத்த ஒரு வாரம் உங்களுக்கு வரும் பதிவுகள் ஆய்வுக்காக மாற்றப்படலாம், சம்மதமா?" என்று தனித் திரையில் கேட்டு, பதில் வராவிட்டால் 'இல்லை' என்று கொள்ளலாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது. எந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்துவது என்பதை முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். முடிந்ததும் எந்தப் பிரிவில் இருந்தார் என்று ஒவ்வொருவருக்கும் தெரிவித்து, தன் தரவை நீக்கும் வழியும் தர வேண்டும்.

செய்தித் தளங்களும் இதற்கு வெளியே இல்லை. ஒரே செய்திக்குப் பல தலைப்புகளைத் தனித்தனிக் குழுக்களுக்குக் காட்டி, அதிகம் சொடுக்கப்பட்டதை வைத்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். அப்வொர்தி என்ற அமெரிக்கச் செய்தித் தளத்தின் சுமார் 1,05,000 தலைப்புகளை ஆராய்ந்து 2023இல் வந்த கட்டுரை, சராசரி நீளத் தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒன்று கூடினால் சொடுக்கு விகிதம் (பார்த்தவர்களில் சொடுக்கியவர்களின் பங்கு) 2.3 சதவீதம் உயர்வதாகக் கண்டது. சொடுக்கை மட்டும் அளந்தால் வாசகரை நாள்தோறும் கலங்கடிக்கும் தலைப்பே வெல்லும். தங்கள் இணையதளத்தில் இத்தகைய சோதனை நடக்கிறதா, நடந்தால் எதை அளக்கிறீர்கள் என்பதை வாசகர்களுக்கு அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்