இயக்கவியல் உயர்தரத்தோடு முடிந்துவிடுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கப் போகும் பிள்ளைகளிடம் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது: "முதலாம் வருட இயக்கவியலா? உயர்தர இணைந்த கணிதத்தில் செய்து முடித்ததுதானே!" வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் எனக்கு இந்த எண்ணம் பெருங்கவலை தருகிறது. விரிவுரையைத் தவறவிட்டு, கடந்தகால வினாத்தாள்களை மட்டும் நம்பியிருந்து, இரண்டாம் வருடத்தில் திணறும் கெட்டிக்காரப் பிள்ளைகளை நான் அறிவேன்.

உயர்தர மாணவர் எவருக்கும் பழக்கமான கணக்கொன்றைச் சொல்கிறேன். ஒப்பமான கிடைத்தளத்தில் ஓர் ஆப்பு. அதன் சாய்ந்த முகத்தில் வழுக்கி இறங்கும் ஒரு துணிக்கை. சார்பு ஆர்முடுகலைக் குறித்து, செவ்வன் மறுதாக்கத்தை, அதாவது ஆப்பின் முகம் துணிக்கையைச் செங்குத்தாகத் தள்ளும் விசையை, ஒரு தெரியாக்கணியமாக வைத்து, சமன்பாடுகளை எழுதி, கடைசியில் அந்த மறுதாக்கத்தையே நீக்கி விடை காண்கிறோம். கணிதவியலாளர் லக்ராஞ்சு 1788இல் வெளியிட்ட முறையில் மறுதாக்கம் கணக்குக்குள் வருவதே இல்லை. ஆப்பின் இடம் ஒன்று, சாய்வின் வழியே துணிக்கை சென்ற தூரம் மற்றொன்று. இந்த இரண்டு ஆள்கூறுகளில் இயக்கச் சக்தியையும் அழுத்தச் சக்தியையும் எழுதினால் போதும்.

இதை வெறும் குறுக்குவழியாக எடுத்துக்கொள்ளும் மாணவர் முக்கியமானதைத் தவறவிடுகிறார். அப்படி எழுதிய சக்திக் கோவையில் ஆப்பின் வேகம் வருகிறது, அதன் இடம் வருவதில்லை. ஆப்பு தளத்தில் எங்கே நின்றாலும் இயக்கம் ஒன்றுதான் என்பதே அதன் பொருள். கிடைத்திசை உந்தம் காக்கப்படுவது அதனால்தான்! உயர்தரத்தில் விதியாக மனனம் செய்தது இங்கே காரணத்தோடு வந்து நிற்கிறது. இடம் மாறியும் இயக்கம் மாறாதிருப்பதற்கும் உந்தம் காக்கப்படுவதற்கும் உள்ள இத்தகைய தொடர்பைக் கணிதவியலாளர் எமி நோதர் 1918இல் பொதுவாக நிறுவினார். ஹமில்ற்றன் 1830களில் இதே இயக்கவியலுக்குக் கொடுத்த வடிவத்திலிருந்துதான் 1926இல் சுரோடிங்கர் குவாண்டம் இயக்கவியலின் அடிப்படையான தன் சமன்பாட்டுக்கு வந்தார். ஆகவே இதை விளங்காமல் விட்டவருக்கு, அணுவுலகை விளக்கும் அந்தக் குவாண்டம் இயக்கவியல் குறியீடுகளின் கூட்டமாகவே தெரியும்.

இன்னொன்று. நியூற்றனின் விதிகளைப் பூமியில் நின்றபடி அப்படியே பிரயோகிக்கிறோம், பூமியோ சுழல்கிறது. 1851இல் பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் பூக்கோ பாரிஸில் நீண்ட ஊசலொன்றைத் தொங்கவிட்டு இதைக் கண்முன் காட்டினார். அங்கே ஊசலாடும் தளம் ஒரு முழுச்சுற்றுத் திரும்ப ஏறத்தாழ 32 மணித்தியாலம். கொழும்பு மத்தியகோட்டிலிருந்து சுமார் 7 பாகை வடக்கே இருப்பதால் இங்கே எட்டு நாளுக்கும் மேல் எடுக்கும், ஏனெனில் திரும்பும் வீதம் அகலக்கோட்டின் சைனுக்கு விகிதசமம். பாரிஸ் கணக்கைப் பாடநூலில் படிக்கும் மாணவர், தான் நிற்கும் ஊருக்கு அதைத் தானே செய்து பார்க்க வேண்டும். அப்போதுதான் அது அவருடைய அறிவாகும்.

தமிழில் படித்துவிட்டு ஆங்கில விரிவுரைக்குள் நுழைவது கடினம் என்பதை மறுக்கவில்லை. முதல் வாரங்களில் விரிவுரையாளர்கள் அந்த ஆப்புக் கணக்கையே இரண்டு முறைகளிலும் செய்து காட்டினால், தெரிந்த கணக்கின் துணையோடு புதிய சொற்களும் பிடிபடும். தங்கள் பத்திரிகையின் கல்விப் பக்கத்தில் வினாத்தாள் விடைகளோடு இத்தகைய விளக்கங்களுக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பௌதிகவியல் ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.