24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் ஆம்ப்

அன்புள்ள மாப்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே சாரல் பிடித்துவிட்டது. தென்காசிப் பக்கமிருந்து வருகிற வண்டியெல்லாம் நனைந்தேதான் வருகிறது. அத்தைக்கு மூட்டுவலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம்.

லாரிக் கதவுக்கு 6½ இஞ்ச் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கிவிட்டாய், புளியரை ஏற்றத்தில் என்ஜின் சத்தத்துக்குள் பாட்டு முங்கிப் போகிறது, சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வைக்கணும் என்கிறாய். சரியான யோசனைதான். பாட்டு ஓடுகிற செட்டின் மேல் 50 வாட் என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருக்கிற ஐசி சில்லு நிஜமாகத் தருவது சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, 15, 20 வாட் ஆர்எம்எஸ். ஆர்எம்எஸ் என்பது விடாமல் தொடர்ந்து தருகிற வாட். அதற்கு மேல் திருகினால் சத்தம் கூடாது, கரகரப்புதான் கூடும். உனக்கு 4 ஓம் ஸ்பீக்கரில் சேனலுக்கு 50 வாட் ஆர்எம்எஸ் தருகிற 2 சேனல் ஆம்ப் போதும். பெட்டியில் 1000 வாட் என்று கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்க்காதே, ஆர்எம்எஸ் கணக்கை மட்டும் கேள்.

ஆனால் முதல் வேலை அது இல்லை. உன்னுடையது பெரிய லாரி. 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராகப் போட்ட 24 வோல்ட் வண்டி. என்ஜின் ஓடும்போது மீட்டர் வைத்துப் பார், 28 வோல்ட் பக்கம் காட்டும். கடையில் கிடைக்கிற ஆம்ப் பெரும்பாலும் 12 வோல்ட்டுக்கானது. நேராகக் கொடுத்தால் புகைதான். பாடி சின்னதாக இருக்கிற லோடு வண்டி என்றால் இந்தத் தொல்லை இல்லை, அதெல்லாம் 12 வோல்ட்தான்.

இங்கேதான் நிறையப் பேர் குறுக்குவழியில் போவார்கள். எர்த் பக்கம், அதாவது நெகட்டிவ் வண்டித் தகட்டோடு சேர்கிற பக்கம், இருக்கிற கீழ் பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. பாட்டும் கேட்கும், ஒரு மாதம் ஒன்றும் தெரியாது. நடப்பது என்னவென்றால், ஆம்ப் தின்பது ஒரு பேட்டரியை. சார்ஜ் ஏறுவது இரண்டுக்கும் ஒரே கரண்ட். கீழ் பேட்டரி எப்போதும் அரைவயிற்றோடு கிடக்கும். ஆல்டர்னேட்டர் கொடுக்கிற 28இல் அது 13 வோல்ட்தான் பிடித்தால் மிச்சம் 15 மேல் பேட்டரி தலையில் ஏறும். ஒன்று சல்பேட் பிடித்துச் சாகும், இன்னொன்று தண்ணீர் கொதித்து வற்றும். மூடியைத் திறந்து பார்த்தால் ஒரு பேட்டரியில் மட்டும் பிளேட் வெளியே தெரியும். கடைசியில் செல்ஃப் அடிக்காது, லோடோடு ரோட்டில் நிற்பாய்.

ஆகவே 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கிற கன்வெர்ட்டர் ஒன்று வாங்கு. 50 வாட் இரண்டு சேனல், சூடாக அதிகம் வீணாக்குகிற ஏபி கிளாஸ் ஆம்ப் என்றால் முழுச் சத்தத்தில் 14 ஆம்பியர் வரை இழுக்கும். சிக்கனமான டி கிளாஸ் என்றால் 10க்குள். எனவே தொடர்ந்து 20 ஆம்பியர் தாங்குவதாகப் பார்த்து எடு. சில்லறைச் சரக்கில் 20 என்பது ஒரு நொடிக்கு மட்டும் தாங்குகிற கணக்காக இருக்கும். தூக்கிப் பார், கையில் கனமே இல்லாமல் சின்ன அலுமினியக் கூடாக இருந்தால் வேண்டாம்.

வயரிங்கில் கைவைக்குமுன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடு. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு முழத்துக்குள் 15 ஆம்பியர் ஃப்யூஸ். அது ஆம்ப்புக்காக இல்லை, வயர் எங்காவது உரசி எர்த் ஆனால் கேபின் பற்றி எரியாமல் இருக்க. அங்கிருந்து 4 சதுர மி.மீ. செம்பு வயர், 24 வோல்ட் காயில் ரிலே (சாவி போட்டால் தானே கரண்ட்டைச் சேர்க்கிற சுவிட்ச்), கன்வெர்ட்டர். ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்கு பேட்டரி, 87க்கு கன்வெர்ட்டர், 85 எர்த், 86 சாவியின் ஆக்சசரி லைன். ரிலே இல்லாமல் விட்டால் கன்வெர்ட்டர் ராத்திரி பகலாகச் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டரிலிருந்து ஆம்ப்புக்கு 20 ஆம்பியர் ஃப்யூஸும் 6 சதுர மி.மீ. வயரும், நீளம் ஒரு மீட்டருக்குள். செட்டையும் இதே 12 வோல்ட்டில் ஓட்டு. செட்டைப் போட்டதும் ஆம்ப்பை எழுப்புகிற ரிமோட் வயரில் 24 வந்துவிடுமோ என்ற பயம் இருக்காது.

கிட்டாக விற்கிற மலிவு வயரைப் பிளேடால் சுரண்டிப் பார். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்தில் செம்பு பூசியது. அதே தடிமனில் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வோல்ட்டைத் தின்னும்.

எர்த்தில் சோம்பல்படாதே. கேபின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, பெயின்ட் வேறு. ஆம்ப், கன்வெர்ட்டர், செட் மூன்றின் நெகட்டிவையும் ஒரே இடத்தில் சேர்த்து, அங்கிருந்து தடித்த வயரில் சேஸிஸுக்குக் கொண்டுபோ. சேஸிஸில் பெயின்டை வெள்ளைத் தகடு தெரியச் சுரண்டி, வயர் முனையில் லக்கை (வளைய முனையை) நசுக்கிக் கிரிம்ப் பண்ணி, பல் வாஷரோடு போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவு. கேபினுக்குள் நுழைகிற துளையில் கிராமெட் (ரப்பர் வளையம்) வேண்டும். எல்லாம் கட்டி முடிக்குமுன் கேபினை ஒருதரம் முழுசாகச் சாய்த்துப் பார். கீல் பக்கம் வயர் தொய்வு இல்லாவிட்டால் அடுத்த சர்வீஸில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பின்னால் பாடியில் வெல்டிங் வைக்கும்போதெல்லாம் பேட்டரியையும் கன்வெர்ட்டரையும் கழற்றச் சொல்.

ஆம்ப் வைக்க என்ஜின் மேட்டுப் பக்கம் போகாதே, சூட்டிலேயே கட்டாகும். பெர்த்துக்கு அடியில், சுற்றிலும் நாலு விரல் இடம் விட்டு, ஒரு பலகை மேல் ஏற்றி வை. செட்டிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுவருகிற ஆர்சிஏ கேபிள் ஒரு பக்கம், பவர் வயர் மறு பக்கம்.

இனி கதவு. பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் காந்தம் இடிக்குமா என்று ஆழம் அள. இடித்தால் ஸ்பேசர் ரிங் வேண்டும். மரத்தூள் பலகையில் வெட்டாதே, ஒரு மழைக்கு ஊதிப்போகும். 12 மி.மீ. மரைன் பிளை அல்லது பிவிசி பலகை நல்லது. கதவு உள்தகட்டில் இருக்கிற பெரிய ஓட்டைகளை பியூட்டைல் ஷீட்டால் (ஒட்டுகிற ரப்பர் தகட்டால்) மூடு. ஸ்பீக்கரின் பின்பக்கச் சத்தம் அந்த ஓட்டை வழியே முன்னால் வந்து பாஸைத் தின்றுவிடும், அதனால்தான். கதவின் அடியில் இருக்கிற சின்ன வடிகால் துளைகளை மட்டும் அடைத்துவிடாதே, தண்ணீர் தேங்கித் தகடு துருவேறும். வயரை கீல் பக்கத்து ரப்பர் குழாய்க்குள் விடு.

பிளஸ் மைனஸ் சந்தேகமாக இருந்தால் ஒரு பென்சில் செல்லை ஸ்பீக்கர் முனைகளில் தொட்டு எடு. செல்லின் பிளஸ் ஸ்பீக்கர் பிளஸில் பட்டால் கூம்பு 'டப்' என்று வெளியே தள்ளும். ஒரு கதவு நேர், ஒரு கதவு தலைகீழ் என்று ஆகிவிட்டால் சத்தம் இருக்கும், பாஸ் இருக்காது.

ஆம்ப்பில் இருக்கிற கெயின் திருகு வால்யூம் இல்லை, செட்டின் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்துவது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, பாஸ் பூஸ்ட் சைபர், ஃபில்டர் ஆஃப், செட் வால்யூம் முக்கால்; 100 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு ஆம்ப் அவுட்டில் மீட்டர் ஏசி 14 வோல்ட் காட்டுகிறவரை கெயினைத் திருப்பு. 4 ஓமில் 50 வாட் அதுதான். பிறகு தாழ்ந்த சத்தத்தைத் தடுக்கிற ஹைபாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வை.

ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க ஸ்பீக்கர் 'கீ...' என்று கத்தினால் ஆம்ப்பில் ஆர்சிஏவைப் பிடுங்கு. நின்றுவிட்டால் குறை செட் பக்க எர்த்தில். நிற்காவிட்டால் ஆம்ப் எர்த்தில். கதவைத் திறக்கும்போது மட்டும் ஒரு பக்கச் சத்தம் விட்டுவிட்டு வந்தால் கீல் பக்கத்தில் வயர் அறுந்திருக்கிறது.

கதவு ஓட்டையின் விட்டமும் கண்ணாடி வரைக்குமான ஆழமும் அளந்து எழுது. ரிங்கை இங்கேயே வெட்டி, பார்சல் லாரியில் போட்டுவிடுகிறேன்.

உன் பழைய சேக்காளி,
பாளையங்கோட்டை