லைட்டருக்குத் தடை போட்டால் போதுமா?

ஆசிரியருக்கு,

இறக்குமதி பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். வெளிநாட்டுச் சரக்கு வந்தால் உள்ளூர்த் தொழில் படுத்துவிடும் என்று ஒரே போடாகப் போட்டிருக்கிறீர்கள். கோவில்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டி ஆலைகளில் கணக்கு எழுதியே தலை நரைத்தவன் நான். (இன்று தூத்துக்குடி மாவட்டம், நான் வேலைக்குச் சேர்ந்தபோது திருநெல்வேலி ஜில்லா.) எங்கள் பேரேடு வேறு கதை சொல்கிறது.

லைட்டர் எங்களை வாட்டியது உண்மை. பத்து ரூபாய் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டி விற்பனையைத் தின்றுவிடும் என்பது தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. 2023 ஜூனில் 20 ரூபாய்க்கும் குறைந்த மதிப்புள்ள லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்தது. உடனே உதிரி பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றார்கள். 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் தடை வந்தது. நல்லது, மூச்சு விட முடிந்தது. ஆனால், எனக்குத் தெரிந்த ஆலை எதிலும் அந்தத் தடையால் ஆளுக்கு ஒரு பண்டல்கூட அதிகம் உற்பத்தியாகவில்லை.

பெட்டியின் பக்கவாட்டில் தடவும் சிவப்புப் பாஸ்பரஸும் கப்பலில் வருவதுதானே? 2021இல் அது கிலோ 425 ரூபாயிலிருந்து 810க்குப் போனது. மெழுகும் அட்டையும் கூடவே ஏறின. அந்த டிசம்பரில்தான், 14 ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு ரூபாய்ப் பெட்டி இரண்டு ரூபாயானது. 1991இல் இறக்குமதி வரிகள் குறையத் தொடங்கிய பிந்தைய இந்தியத் தொழிற்சாலைகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் பெத்தியா தோபலோவா, அமித் கண்டேல்வால் இருவரும், போட்டிச் சரக்கின் மீதான இறக்குமதி வரி குறைந்ததைவிட மூலப்பொருளின் இறக்குமதி வரி குறைந்ததே உற்பத்தித்திறனை அதிகம் உயர்த்தியது என்று கண்டார்கள். பாஸ்பரஸுக்குப் பணம் கட்டியவனுக்கு இதில் ஆச்சரியமில்லை.

ஏற்றுமதி தந்த பாடம் இன்னும் பெரிது. ஆப்பிரிக்காவுக்குச் சரக்கு அனுப்பத் தொடங்கியபோது, குச்சி எண்ணிக்கை குறையக் கூடாது, தலைமருந்து உதிரக் கூடாது என்று வாங்குபவர் கறாராக இருந்தார். தீப்பற்றும் சரக்கு என்பதால் பேக்கிங்கிற்கும் தனி விதிகள். முதல் ஆர்டரில் ஏராளமான பெட்டிகள் ஆலைக்குள்ளேயே கழிந்தன. முதலாளி ஏனோ கணக்கப்பிள்ளையைத்தான் முறைத்தார். பிறகு மருந்துக் கலவையின் அளவும் உலர்த்தும் நேரமும் நோட்டில் ஏறின. உள்ளூர்ச் சரக்கிலும் கழிவு குறைந்தது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. முழு இயந்திர ஆலைகள் வந்ததும், குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் பிழைத்த பெண்கள் பலருக்கு வேலை போயிற்று. ஆளுக்கு இவ்வளவு உற்பத்தி என்ற எண் ஏறியது. சம்பளப் பதிவேட்டில் பக்கங்கள் குறைந்தன. சிறு ஆலைகள் கூட்டாக இயந்திரம் வாங்கக் குறைந்த வட்டிக் கடன், அதை ஓட்ட இந்தப் பெண்களுக்கே பயிற்சி, மூலப்பொருளுக்குச் சுங்கவரிக் குறைப்பு ஆகியவற்றைக் கேட்டுத் தலையங்கம் எழுதுங்கள். தடை கேட்டு மனுக் கொடுக்க எங்கள் சங்கங்களே போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தீப்பெட்டி ஆலைக் கணக்கர்,
கழுகுமலை.