நாங்கள் மார்க்கர் குடும்பம், பிள்ளை

கொட்டாஞ்சேனை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய பேட்டியை அம்மா நாலு தரம் பார்த்துவிட்டாள், நான் இரண்டு தரம். முதல் தரம் உன் முகத்தைத்தான் பார்த்தேன். மெலிந்து போயிருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொல்கிறாள். இரண்டாம் தரம் நீ பேசியதைக் காதுகொடுத்துக் கேட்டேன். "நான் பில்லியட்ஸ் வீரர்கள் குடும்பத்துப் பிள்ளை. அப்பப்பாவும் அப்பாவும் கொழும்புக் கிளப்பில் விளையாடினவர்கள்" என்கிறாய். பக்கத்தில் நீ பூல் விளையாட்டில் வென்ற கோப்பை மின்னுகிறது.

போனில் இதைச் சொல்லப் பார்த்தேன், வாய் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

நாங்கள் வீரர்கள் இல்லை, பிள்ளை. மார்க்கர்கள்.

அந்தச் சொல் உனக்குத் தெரியும். வேலை தெரியாது. மெம்பர்மார் விளையாட, மேசையைப் பார்த்துக்கொண்டு புள்ளி எண்ணுகிற வேலை. உனக்கு விபரம் தெரிந்த காலத்தில் நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் கந்தோரில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அப்பப்பா சாய்கதிரையில் கிடந்து பேப்பர் வாசிக்கிற கிழவர். அவர் இளமையில் செய்ததை உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. அது என் பிழைதான்.

காலையில் மேசையின் மூடுசீலையை எடுப்பதில் தொடங்கும். துணியைப் பிரஷ் பண்ண வேண்டும். கண்டபடி அல்ல, கோடு போட்ட பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் நோக்கி ஒரே திசையில். கம்பளியின் மயிர் அந்தப் பக்கம்தான் படுத்திருக்கும். பிறகு அயன்பெட்டி. கொழும்புக் கடற்காற்றுக்குத் துணி ஈரம் குடித்துவிடும், பந்து சேற்றில் உருளுவதுபோல உருளும். மழைக்காலத்தில் அப்பப்பா நாளைக்கு இரண்டு தரம் அயன் பிடிப்பார். சூடு கூடிவிட்டால் துணி கருகும், சம்பளத்தில் பிடிப்பார்கள். அதனால் முதலில் தன் புறங்கையைக் கிட்டப் பிடித்துப் பார்ப்பார். அவருடைய இடது புறங்கையில் மயிரே இருக்காது, நினைவிருக்கிறதா? "ஏன் அப்பப்பா?" என்று நீ கேட்டதற்கு "பூனை நக்கிப்போட்டுது" என்றார்.

பின்னேரம் மெம்பர்மார் வருவார்கள். பந்தை அடிக்கிற தடி, அவரவர் கியூவை எடுத்துக் கொடுக்க வேண்டும். கியூ நுனியில் பூசுகிற சோக் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். எட்டாத பந்துக்கு, கியூவைத் தாங்குகிற ரெஸ்ட் நீட்ட வேண்டும். சிவப்புப் பந்து குழியில் விழுந்தால் எடுத்து மேசையில் அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். புள்ளிப் பலகையில் முள்ளை நகர்த்த வேண்டும். எண்ணிச் சொல்ல வேண்டும். நீ இப்போது பூல் மேசையில் பதினைந்து நிறப் பந்தோடு விளையாடுகிறாய். பில்லியட்ஸில் மொத்தமே மூன்று பந்து. சிவப்பை விழுத்தினால் மூன்று புள்ளி, மற்றவரின் பந்தை விழுத்தினால் இரண்டு. உன் பந்து மற்ற இரண்டையும் தொட்டால் அது கெனன், அதற்கும் இரண்டு. ஒருவர் ஒரே மூச்சில் நூறு அடித்தால் மார்க்கர் முப்பது நாற்பது தரம் வாயைத் திறக்க வேண்டிவரும். வேறு எதற்கும் திறக்கக் கூடாது.

அப்பப்பா அந்த அறையில் முப்பத்தொரு வருடம் நின்றார். நின்றார் என்றுதான் எழுதுகிறேன். மார்க்கருக்குக் கதிரை கிடையாது.

அவர் விளையாடியது இரவு பத்தரைக்குப் பிறகு. மேசைக்கு மேலிருந்த விளக்குகளை அணைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது கட்டளை. ஒன்றை மட்டும் விட்டுவைப்பார்கள். அப்பப்பாவும் இன்னொரு மார்க்கரும், மருதானையில் இருந்த ஒரு சிங்களவர், அந்த ஒரு விளக்கில் விளையாடுவார்கள். பன்னிரண்டு அடி மேசையில் பாதி இருட்டு. பந்து இருட்டுக்குள் போகும், விழுந்ததா இல்லையா என்பதைச் சத்தத்தில்தான் அறிய வேண்டும். அந்த நேரத்தில் யாரும் புள்ளி எண்ணுவதில்லை. பகல் முழுக்க எண்ணியது போதும் என்பார்கள். சாப்பாட்டுக் கரியரைத் திரும்ப எடுத்துவருகிற சாட்டில் நான் கதவோரம் ஒளிந்து பார்த்திருக்கிறேன். என் தகப்பன் அந்த மேசைமேல் குனிந்ததை நான் கண்டது அப்போது மட்டும்தான்.

1967இல் உலக பில்லியட்ஸ் சம்பியன்ஷிப் கொழும்பிலேயே நடந்தது. இங்கிலாந்தின் லெஸ்லி ட்ரிஃபீல்ட் வென்றார். அப்பப்பா பார்க்கப் போக லீவு கேட்டார், கிடைக்கவில்லை. 1973இல் நம் நாட்டு எம். ஜே. எம். லாபிர் பம்பாயில் பில்லியட்ஸ் உலகச் சம்பியனானார். எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பப்பா பேப்பரில் வந்த படத்தை வெட்டி, புள்ளிப் பலகையின் பின்பக்கம் ஒட்டிவைத்தார். முன்பக்கம் எதையும் ஒட்ட அனுமதியில்லை. 1996இல் லாகூரில் இலங்கை கிரிக்கெட் உலகக் கோப்பை வென்றபோது இந்தத் தெருவே வெடி கொளுத்தியது, நானும்தான் கொளுத்தினேன். ஆனால் அதற்கு 23 வருடம் முன்பே உலகப் பட்டம் கொண்டுவந்த லாபிரை இன்று தெருவில் நாலு பேரிடம் கேட்டுப் பார், மூன்று பேர் முழிப்பார்கள். சரி, அந்தக் கோபத்தை விடு, விஷயத்துக்கு வருகிறேன்.

படிப்பு முடிந்ததும் நானும் அதே அறையில் போய் நின்றேன். ஒருநாள் ஒரு மெம்பருக்கு ஜோடி இல்லை. என்னை எதிரே விளையாடச் சொன்னார். நான் அறுபத்தெட்டு அடித்தேன். எண்ண ஆளில்லாததால் நானே எண்ணிக்கொண்டு அடித்தேன், அதுதான் அவருக்குச் சுட்டதோ தெரியாது. கியூவைச் சுவரில் சாத்திவிட்டுப் போய்விட்டார். மறுநாள் ஊழியர்கள் கியூ பிடித்து விளையாடக் கூடாது என்று ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. அப்பப்பா அதை வாசித்துவிட்டு, வழக்கம்போல அயன்பெட்டியைச் சுடவைக்கப் போனார். என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

83 ஜூலைக் கலவரத்தில் வீடு போனது நீ கேட்ட கதை, திரும்ப எழுதவில்லை. அப்பப்பாவின் கியூ தப்பியது எப்படி என்பதை மட்டும் சொல்கிறேன். அது அன்றைக்கு அந்த மருதானைக்காரர் வீட்டில் இருந்தது, நுனித்தோல் மாற்றுவதற்காகக் கொண்டுபோயிருந்தார். நாங்கள் முகாமிலிருந்து வந்த பிறகு பாயில் சுற்றிக்கொண்டு வந்து தந்தார். புதுத் தோலும் ஒட்டியிருந்தது.

பேட்டி எடுத்தவர் உன்னை அமெரிக்காவின் ஷேன் வான் போனிங்கோடு ஒப்பிடுகிறார். நானும் தேடி வாசித்தேன். தாத்தா, அம்மா, அம்மாவின் சகோதரி என்று வீடு முழுக்க பூல் விளையாடுகிறவர்கள். பிறவியிலேயே காது சரியாகக் கேளாத பிள்ளை. 2022இல் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில், ஒன்பது பந்தோடு ஆடுகிற நைன்-போல் பூலில் உலகச் சம்பியன். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளை தன் பெரியவர்கள் மேசைமேல் குனிவதைப் பார்த்து வளர்ந்திருக்கும். நான் என் தகப்பன் மேசைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போடாதே.

அடுத்து என் பங்கு. நீ ஏ.எல். எடுக்கிற வருடம் கியூவை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். சோதனைக்காக என்று சொன்னேன். அது பாதி உண்மை. பெண்பிள்ளையை அந்தப் புகை மண்டிய இடத்துக்கு அனுப்புகிறாயா என்று மாமா கேட்டார், எனக்குப் பதில் வரவில்லை, உன்னை நிறுத்தினேன். வில்லி மொஸ்கோனி என்று பழைய பூல் சம்பியன் ஒருவர். தகப்பன் பந்துகளை ஒளித்துவைக்க, பிள்ளை உருளைக்கிழங்கை விளக்குமாற்றுத் தடியால் தட்டிப் பழகியதாம். அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. நான் கியூவைப் பூட்டினேனே தவிர, அம்மாவின் கேரம் பலகையை மறந்துவிட்டேன்.

ராத்திரியில் குசினி வேலை முடிந்ததும் நீயும் அவளும் பவுடர் தூவி உட்கார்ந்தது எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? கரையில் எந்த இடத்தில் பட்டால் காய் எந்தக் குழிக்குத் திரும்பும் என்று அவள் விரலால் கோடு போட்டுக் காட்டுவாள். நீ கோப்பை வென்ற போட்டியின் கடைசிப் பந்தை, குஷன் என்கிற மேசைக் கரையில் இரண்டு தரம் தட்டி விழுத்தினாயே, அது அப்பப்பா வழி வந்ததில்லை. வெள்ளைப் பந்து அடுத்த அடிக்கு வசதியாக வந்து நிற்கிறதே, அது வேண்டுமானால் அவருடையது. கரைக் கணக்கு முழுக்க அம்மாவுடையது. பேட்டியில் அவள் பெயரே வரவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை, நாலு தரம் பார்த்தாள் என்றுதான் மேலே எழுதியிருக்கிறேன்.

நீ வெட்கப்பட்டு மாற்றிச் சொன்னாய் என்று நான் நினைக்கவில்லை. மார்க்கர் என்றால் மெல்பேர்னில் பேனை என்று நினைப்பார்கள், விளக்க நேரம் இருந்திருக்காது. இருந்தாலும் அடுத்த முறை கேட்டால் மார்க்கர் என்றே சொல்லு. இரண்டு நிமிடம் எடுத்து விளக்கு.

கியூ இப்போது அலுமாரியில் இல்லை. கட்டிலுக்கு அடியில் பலகைமேல் நேராகக் கிடத்தியிருக்கிறேன். சுவரில் சாத்தினால் வளைந்துவிடும். ஒரே துண்டுக் கியூ, விமானத்தில் எப்படிக் கொண்டுபோவாய் என்று தெரியவில்லை, நீயே விசாரி. நுனித்தோல் காய்ந்து வெடித்திருந்தது. போன கிழமை புதிதாக ஒட்டி, மண்கடதாசியால் தேய்த்து உருட்டிவிட்டேன். உன் மேசையில் பந்து பெரிது என்பதால் தோலை வேறு அளவில் வைக்க வேண்டுமா என்று எழுது. பசை நன்றாகப் பிடித்துவிட்டது, ஆனாலும் கழற்றலாம்.

அன்புடன்,
அப்பா