படுத்துக் கிடக்கும் கோடு

மல்லேஸ்வரம், பெங்களூரு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. டெல்லிக் குளிர் அம்மாவைப் படுத்தவில்லை என்றதும் நிம்மதி. இங்கே காலையில் பனி, பத்து மணிக்குள் வெயில்.

நீ அனுப்பிய பிஎம் 2.5 (காற்றிலுள்ள நுண்துகள்) வரைபடத்தில் கடைசி ஆறு மணி நேரம் கோடு அசையாமல் படுத்திருக்கிறதே, அது டெல்லிக் காற்று இல்லை, பைதானின் தரவுத் தொகுப்பான பாண்டாஸின் வேலை. நாம் ஒன்றும் குறிப்பிடாவிட்டால், விடுபட்ட அளவுகளைக் கணித்து நிரப்பும் அதன் 'இன்டர்போலேட்' கட்டளை, தொடக்கத்து வெற்றிடங்களை அப்படியே விட்டுவிடும். கடைசியில் வரும் வெற்றிடங்களிலோ கடைசி அளவையே நிரப்பிவிடும். அந்தக் கட்டளையின் 'லிமிட் ஏரியா' என்ற அமைப்புக்கு 'இன்சைட்' கொடு. இருபுறமும் அளவு உள்ள இடைவெளிகள் மட்டும் நிரம்பும்.

இன்டர்போலேட்டின் 'லீனியர்' முறை நேரத்தைப் பார்ப்பதே இல்லை, வரிசைகளைத்தான் எண்ணுகிறது. 10 மணிக்கு 80, 11 மணிக்கு வெற்றிடம், அடுத்த வரிசை 14 மணிக்கு 160 என்றால் 11 மணிக்கு 120 போடும். 'டைம்' முறை 100 தரும், அதுதான் சரி. 'லிமிட்' (நிரப்பும் எண்ணிக்கைக்கு வரம்பு) 3 என்று கொடுத்தால் நீண்ட இடைவெளிகளைத் தொடாது என்று நினைத்திருக்கிறாய். அப்படியில்லை. பத்து மணி நேர வெற்றிடத்திலும் முதல் மூன்றை நிரப்பிவிட்டுத்தான் நிற்கும். தொடர் வெற்றிடங்களின் நீளத்தை நீயே எண்ணி, நீளமானவற்றை மீண்டும் வெற்றிடமாக்கு.

ஸ்ப்லைன் (புள்ளிகளுக்கு வளைகோடு பொருத்தும் முறை) போட்டதும் வளைவு முழுவதும் மறைந்ததற்குக் காரணம் வேறு. அதன் குணகங்கள் எல்லாம் ஒரே சமன்பாட்டுத் தொகுதியாகத் தீர்க்கப்படுகின்றன; ஒரு நேன் ('எண் அல்ல' என்று பொருள்படும் வெற்றிடக் குறி) நுழைந்தால் எல்லாவற்றுக்கும் பரவும். அந்தப் புள்ளிக்கு எடை பூஜ்யம் கொடுத்தும் பயனில்லை என்று எழுதியிருந்தாய். கணினி எண் கணக்கீட்டுக்கான ஐஇஇஇ 754 தரநிலை விதிப்படி பூஜ்யத்தை நேனால் பெருக்கினாலும் நேன்தான். எடையைப் பூஜ்யமாக்குவதோடு, அந்த இடத்தில் ஏதாவது ஓர் எண்ணையும் வை, 0 போதும். பைதானின் கணிதத் தொகுப்பான சைபையின் யூனிவேரியேட் ஸ்ப்லைனுக்கு இதுதான் வழி. அதிலேயே உள்ள க்யூபிக் ஸ்ப்லைன் நேனைக் கண்டதுமே பிழை சொல்லி நின்றுவிடும். எனக்கு அந்தக் குணம்தான் பிடித்திருக்கிறது.

நான் உண்மையில் பயப்படுவது உன் பழைய கோப்புகளில் 'அளவு இல்லை' என்பதற்குக் குறியாக இருக்கும் -9999-க்குத்தான். 80-க்கும் அதற்கும் நடுப்புள்ளி -4959.5, பார்த்ததும் தெரிந்துவிடும். ஆனால் தூரத்தை வைத்து எடை போடும் வரைபடத்தில், -9999 காட்டும், தள்ளியிருக்கும் ஒரு நிலையத்துக்கு 0.002 எடைதான் விழுகிறது என்று வை. மற்ற நிலையங்கள் எல்லாம் 80 காட்டினாலும் விடை ஏறக்குறைய 60 வரும். யாருக்கும் சந்தேகம் வராது. கோப்பைப் படிக்கும்போதே -9999-ஐ நேனாக மாற்றிவிடு.

நிரப்புவதற்கு முன், எந்த வரிசை அளந்தது, எது கணித்தது என்று ஒரு தனி நெடுவரிசையில் குறித்து வை. வரைபடத்தில் கணித்ததைப் புள்ளிக்கோடாகப் போடு. திருத்தியதை அனுப்பு, பார்க்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்