டிராயரில் இருக்கும் ஃபைல்: விவாத நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொலைக்காட்சி நெறியாளர்களுக்கு,

வணக்கம். போன வியாழக்கிழமை இரவு ஒன்பது மணி விவாதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்தச் சேனல் என்று சொல்லப்போவதில்லை. உங்களுக்கே தெரியும். தலைப்பு ஊழல். விருந்தினர் ஒருவர், "அஞ்சு வருஷம் மிலிட்டரி கையில குடுத்துப் பாருங்க, ஒருத்தன் திருட மாட்டான்" என்றார். நெறியாளர் தலையாட்டிவிட்டு இடைவேளை விட்டார். மறுநாள் காலை அந்தத் துண்டு வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு மூன்று முறை வந்தது. மூன்றாவது முறை அனுப்பியவர் என் மாமா, கைதட்டும் பொம்மைகளோடு.

என் கோரிக்கை சின்னதுதான். இனி யாராவது இதைச் சொன்னால், "பாகிஸ்தானில் என்ன ஆச்சு சார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

1990 ஆகஸ்டில் அந்நாட்டுப் பிரதமர் பேநசீர் பூட்டோவின் ஆட்சியை ஊழல் என்று சொல்லித்தான் கலைத்தார்கள். சரி. அவர் திரும்ப ஜெயித்துவிடக் கூடாதே! ஒரு வங்கிக்காரர் மூலம் 14 கோடி ரூபாய் திரட்டினார்கள். அதிலிருந்து பேநசீரின் எதிரணி அரசியல்வாதிகளுக்கு ராணுவத்தின் உளவு அமைப்பான ஐஎஸ்ஐ பட்டுவாடா செய்தது. ஊழலை ஒழிக்கப் பணப் பட்டுவாடா! அப்போதைய ஐஎஸ்ஐ தலைவர் அசத் துரானியே 1994இல் பிரமாணப் பத்திரத்தில் இதை ஒப்புக்கொண்டார்.

தட்டிக் கேட்டவர் அஸ்கர் கான். அவரும் உடுப்புக்காரர்தான், ஓய்வுபெற்ற ஏர் மார்ஷல், ஒரு காலத்தில் அந்நாட்டு விமானப்படையின் தலைவர். 1996இல் தலைமை நீதிபதிக்கு அவர் எழுதிய கடிதம் வழக்கானது. எழுதும்போது அவருக்கு வயது 75. தீர்ப்பு வந்தது 2012 அக்டோபரில், அவருடைய 91ஆம் வயதில். முன்னாள் ராணுவத் தளபதி அஸ்லம் பேக் மீதும் துரானி மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது நீதிமன்றம். அப்புறம்? விசாரணை, மறு விசாரணை, வாய்தா. 2018 ஜனவரியில் அந்தப் பெரியவர் கண்ணை மூடினார். அதுவரை இந்த வழக்கில் கொடுத்தவரும் உள்ளே போகவில்லை, வாங்கியவரும் உள்ளே போகவில்லை.

ஏன் இப்படி? கை சுத்தமானவன் பதவிக்கு வந்தால் ராணுவத்திடமே கணக்குக் கேட்பான். அங்கே 2008 வரை பாதுகாப்புச் செலவு நாடாளுமன்றத்துக்கு விவரமே இல்லாத ஒற்றை வரித் தொகையாகத்தான் எழுதிப் போனது. உரம், சிமென்ட், வங்கி என்று ஆரம்பித்து கார்ன்ஃபிளேக்ஸ் வரை ராணுவ அறக்கட்டளைகளின் வியாபாரம். இதையெல்லாம் துருவ யாருக்கு வாய் வரும்? திருடியவனுக்கு வராது. அவன் ஊழல் ஃபைல் ராணுவத்தின் டிராயரில் இருக்கிறது, குடுமி அவர்கள் கையில். அந்த ஃபைலை வழக்காடி முடித்துவிட்டால் பிடி போய்விடும் என்பதால் அதை முடிக்கவும் மாட்டார்கள்.

1999இல் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி முஷாரஃப், ஊழலை ஒழிக்க நாப் என்று ஓர் அமைப்பையே உண்டாக்கினார். பணியில் இருக்கும் ராணுவத்தினரை அது தொடக்கூடாது, சட்டமே அப்படி. அது பிடித்து வைத்திருந்த எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் 2002இல் அணி மாறி உள்துறை அமைச்சரானார். 2007 அக்டோபரில் அதே முஷாரஃப் ஓர் அவசரச் சட்டம் போட்டு, எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மீதிருந்த வழக்குகளைக் கழற்றிவிட வழி செய்தார். அதில் ஊழல் வழக்கும் உண்டு, கொலை வழக்கும் உண்டு. உச்ச நீதிமன்றம் 2009 டிசம்பரில் அது செல்லாது என்றது. ஒருத்தன் திருட மாட்டானாம்!

எல்லையில் நிற்கும் சிப்பாயை நான் குறை சொல்லவில்லை. உங்களிடம்தான் வருத்தம். திரையில் எட்டுப் பேரை எட்டுக் கட்டத்தில் அடைத்து, ஆளுக்கு ஒரு நிமிடம் கொடுத்து, ஒருவர் பேசும்போது ஏழு பேரைக் கத்த விடுகிறீர்கள். விளம்பரத்துக்கு மட்டும் நேரம் சரியாகக் கிடைத்துவிடுகிறது. பல்பொடிக்கு நாற்பது நொடி ஒதுக்க முடிகிற உங்களால் இந்தக் கேள்விக்குப் பத்து நொடி ஒதுக்க முடியாதா? கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். தயவுசெய்து கேளுங்கள், அவ்வளவுதான்.

மாமாவுக்கு இதையெல்லாம் நானே எழுதி அனுப்பிப் பார்த்தேன். "அப்படின்னா நீ பாகிஸ்தானுக்கே போ" என்று பதில் வந்தது. நீங்கள் கேட்டால் அவர் காதில் ஏறும்.

இப்படிக்கு,
ஒன்பது மணி நேயர் ஒருவர்